குடியிருக்கவா, பூட்டி வைக்கவா?

நம் சங்கத்துக்கு வருகிறவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் ஒரே பேச்சுதான். ஊர்ப்புறத்தில் இரண்டு ஏக்கர் வாங்க வேண்டும். ஒரு ஓட்டு வீடு, ஒரு பசு, நாலு தென்னை. நம் சோற்றை நாமே விளைவித்துக்கொண்டு யாரையும் எதிர்பாராமல் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தேழு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற நானும் இந்த ஆசைக்கு ஆட்பட்டவன்தான். 2021 முதல் கௌதள்ளிப் பக்கம் இரண்டரை ஏக்கர் வைத்துக்கொண்டு, வருஷத்தில் பெரும்பாலான நாள் அங்கேயே இருக்கிறேன். அதனால் ஆளாளுக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தனித்தனியே சொல்லி மாளவில்லை; ஆசிரியர் அனுமதியோடு இங்கே எழுதிவிடுகிறேன். சிலருக்கு என் கருத்து கசக்கும். அங்கே போய்க் குடியிருக்க மனம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

கௌதள்ளியை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கொள்ளேகால், ஹனூர் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பாதையில், மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர். மைசூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். எங்கள் இலாகாவின் தண்டவாளம் சாமராஜநகரோடு நின்றுவிட்டது. அங்கே போக பஸ்தான் கதி. கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் வரை சென்னை ராஜ்யத்தில், கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. மொழிவாரிப் பிரிவினையில் மைசூர் ராஜ்யத்துக்கு வந்து, 1997-இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. இப்போது ஹனூரே தனித் தாலுகா. இத்தனை பிரிவினைக்குப் பிறகும் டீக்கடை பெஞ்சில் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும்.

நம்மவர்களுக்கு அந்தப் பக்கத்தின்மேல் மோகம் பிறக்க இதுவே முதல் காரணம். கன்னட நாட்டிலே இருந்துகொண்டு தமிழிலே விலை பேசலாம். இரண்டாவது காரணம், வெகுகாலம் அங்கே நிலத்துக்கு விலையே இல்லாமல் இருந்தது. வீரப்பன் காட்டில் இருந்தவரை வெளியூர்க்காரன் எவனும் அங்கே காணி தேடிப் போகவில்லை. 2002-இல் முன்னாள் அமைச்சர் நாகப்பாவைக் காமகெரேயில் அவர் வீட்டிலிருந்தே கடத்திக்கொண்டு போனதும், அவர் உயிரோடு திரும்பாததும் பலருக்கு நினைவிருக்கும். 2004 அக்டோபரில் அந்தக் கதை முடிந்தது. ஏக்கர் இன்று என்ன விலை என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே அது அங்கே எதிரொலிக்கும்.

மூன்றாவது காரணம் சட்டம். 1961-ஆம் வருஷத்துக் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 79-ஏ, 79-பி என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. விவசாயி அல்லாதவரும், வேறு வகையில் பெரிய வருமானம் உள்ளவரும் விவசாய நிலம் வாங்குவதை அவை தடுத்தன. அந்த வருமான வரம்பை 2015-இல் 25 லட்ச ரூபாயாக உயர்த்தினார்கள். 2020-இல் பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் என்னைப் போன்றவர்களும், பெங்களூரிலிருந்து வருகிறவர்களும் கையில் பணப்பையோடு ஹனூர் பஸ் நிலையத்தில் இறங்கத் தொடங்கினோம்.

வாங்குவதைத் திறந்துவிட்டார்கள், குத்தகையைத் திறக்கவில்லை. இதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. அதே சட்டத்துக்குத் தேவராஜ் அர்ஸ் காலத்தில் 1974-இல் வந்த திருத்தம், குத்தகைக்கு உழுதவருக்கே நிலத்தின் உரிமையைக் கொடுத்தது. பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள் அதனால் நிமிர்ந்தன. அன்று முதல், ராணுவத்தில் இருப்பவர் போன்ற சிலருக்குத் தவிர, விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே மைசூரிலோ துபாயிலோ இருக்கிற சொந்தக்காரர் என்ன செய்கிறார்? வேறொருவரை உழவிட்டால் நாளைக்கு அவர் உரிமை கேட்பாரோ என்று பயப்படுகிறார். சுற்றிலும் கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்து, கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார். தீபாவளிக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்.

அந்தப் பூட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்து நிலத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். முதல் மழையில் பார்த்தீனியம் வரும். அடுத்த வருஷம் உண்ணிச்செடி புதராகக் கட்டும். அந்தப் புதரில் காட்டுப்பன்றி குட்டி போடும். ராத்திரியில் பன்றி போவது பூட்டினவர் நிலத்துக்கு அல்ல. அங்கே தின்ன ஒன்றுமில்லை. அடுத்தாற்போல் மக்காச்சோளம் போட்டிருக்கிற ஏழையின் காட்டுக்குத்தான் போகும். என் வேலிக்கு மேற்கே அப்படி நாலு ஏக்கர் கிடக்கிறது. எனக்குத் தெற்கே இருக்கிற பெரியவர் ஒரு நாள் சொன்னார்: "ஐயா, முன்னெல்லாம் ராவுக்கு ஆனைக்கு மட்டுந்தான் காவல் இருப்போம். இப்போ பட்டணத்துக்காரங்க வளர்க்குற பன்னிக்கும் சேர்த்து முழிக்கிறோம்." என்னையும் பட்டணத்துக்காரன் என்று வைத்துக்கொண்டுதான் சொன்னார். மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

பூட்டின நிலம் முன்பு களையெடுப்புக்கும் அறுப்புக்கும் பத்துப் பெண்களுக்காவது கூலி கொடுத்தது. இப்போது ஒரு காவல்காரருக்குக் கொடுக்கிறது. அந்தப் பெண்களில் பாதிப் பேர் விடியற்காலையில் வேனில் ஏறி வெகுதூரம் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் யார்? ராஜ்யங்கள் பிரிவதற்கு முன்னே, எல்லை என்று ஒன்று இல்லாத காலத்தில், சேலம் மேட்டூர் பக்கமிருந்து பாலாற்றைத் தாண்டிப் போய்க் காடு திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தமிழ் பேசுகிற ஊர் என்று சந்தோஷப்பட்டு வாங்குகிற நாம், அந்தத் தமிழ் பேசுகிறவர்களையே ஊரைவிட்டுக் கிளப்புகிறோம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. "விற்கிறவன் நல்ல விலைக்கு விற்கட்டுமே, அவன் மகள் கல்யாணத்துக்கு ஆகுமே, அதை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய சட்டம் இருந்தபோது அவசரத்துக்கு விற்கிறவன் உள்ளூர் பெரும்புள்ளி சொன்ன விலைக்கே விற்க வேண்டியிருந்தது. நான் வாங்கின நிலத்தின் சொந்தக்காரரும் இரண்டு மகன்களைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு, கடனை அடைக்கத்தான் விற்றார். விற்பதை நான் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர் அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி.

இனி அந்த "யாரையும் எதிர்பாராமல்" என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்குப் பாலிடெக்னிக் டிப்ளமா படிப்புதான். தத்துவம் தெரியாது, கணக்குத் தெரியும். தண்ணீரிலிருந்து தொடங்கலாம். அந்தப் பக்கத்துக்குச் சாதாரண வருஷத்தில் 700 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரை என்றால் சுமார் 93 சதுர மீட்டர். அதில் விழுகிற மழை 65,000 லிட்டர். ஆவியாவது, வழிந்தோடுவது எல்லாம் போக 80 சதவீதம் பிடித்தால் 52,000 லிட்டர். கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கு 70 லிட்டர் வீதம் வருஷம் முழுவதும் ஆகிற செலவு 51,000 லிட்டர். ஆகக் கூரை மழையே வீட்டுக்குப் போதும். டிசம்பரிலிருந்து மார்ச் முடிய வறட்சி; அந்த நாலு மாதத்துக்கு 17,000 லிட்டர் வேண்டும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 6 அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் 20,000 லிட்டர் பிடிக்கும். நான் கட்டியிருக்கிறேன். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு, வெயில் படாத மூடி, வருஷம் ஒரு தடவை சுண்ணாம்பு அடித்துக் கழுவுவது, இவ்வளவுதான் வித்தை.

ஆனால் இதே 20,000 லிட்டரை ஒரு ஏக்கர் பயிருக்குப் பாய்ச்சினால் எத்தனை நாளைக்கு வரும் தெரியுமா? ஒரு நாளைக்கு. கோடையில் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. தண்ணீர் வேண்டும், ஒரு ஏக்கருக்கு அது சுமார் 20,000 லிட்டர். வீட்டுக்குச் சுலபமாக வருகிற தன்னிறைவு, நிலத்துக்குப் போனதும் தலைகீழாகிவிடுகிறது. உடனே போர்வெல் என்பீர்கள். நம் போரில் தண்ணீர் வந்தால் அது பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பூமிக்கடியில் பொதுவான தண்ணீர். அவர் இரண்டாயிரம் அடி தள்ளி 400 அடியில் எடுத்துக்கொண்டிருக்க, நாம் பென்ஷன் பணத்தைக் கொட்டி 900 அடிக்குப் போவது தன்னிறைவா? நீராவி காலத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கத் தகுந்த இடம் பார்த்துத்தான் ஸ்டேஷன்களை அமைத்தார்கள். தண்ணீர் இருக்கிற இடத்துக்கு வண்டி போகும். வண்டி நின்ற இடத்துக்குத் தண்ணீர் வராது. நான் மானாவாரி ராகி, அவரை, கொள்ளு, கொஞ்சம் நிலக்கடலை என்று மழையை நம்பியே போடுகிறேன். இருவருக்கு வருஷத்துக்கு 220 கிலோ தானியம் இருந்தால் போதும்; அரை ஏக்கர் ராகியே, சுமாரான வருஷத்தில்கூட, அதைக் கொடுத்துவிடும்.

மின்சாரம் இதைவிடச் சுலபம். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட்டில் விளக்கு, மின்விசிறி, மிக்சி, சின்ன குளிர்பெட்டி எல்லாம் ஓடும். பேட்டரியை மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதைப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பணம் என்ற அந்த இடத்தில்தான் எல்லாத் தன்னிறைவும் முட்டி நிற்கிறது. உப்பு, எண்ணெய், ரத்தக்கொதிப்பு மாத்திரை, பஸ் சார்ஜ், பேரன் பிறந்தநாள். ஹனூர் தாலுகாவிலேயே ஒடெயரபாளையத்தில் திபெத்தியர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. (பெயரைத் தமிழாக்கினால் உடையார்பாளையம், அரியலூர்ப் பக்கத்து ஊர் என்று நினைத்துவிட வேண்டாம்.) தோண்டன்லிங் என்று அவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். நாடிழந்து வந்தவர்களுக்குக் கர்நாடக அரசு கொடுத்த இடத்தில் 1974-இல் தொடங்கியது. காட்டைத் திருத்தி, மானாவாரி மக்காச்சோளம் போட்டு, கூட்டுறவுச் சங்கம் வைத்து, அதன் டிராக்டர்களால் உழுது, பள்ளி, ஆஸ்பத்திரி, மடாலயம் என்று ஒரு நாட்டையே உண்டாக்கியவர்கள். நம்மில் யாருக்கும் அவர்கள் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு வராது. அவர்களுக்கே நிலத்து வருமானம் போதவில்லை. குளிர்காலம் வந்தால் குடும்பத்தில் ஒருவர் இருவர் ஸ்வெட்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகரங்களுக்குப் போகிறார்கள். நம் மைசூரிலேயே அவர்களிடம் பேரம் பேசி வாங்கியிருப்பீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஒற்றுமையாக நின்றும் ஸ்வெட்டர் விற்காமல் முடியாதபோது, கல்தூண் வேலிக்குள் கணவனும் மனைவியும் மட்டும் எப்படித் தன்னிறைவு காண்பது?

நம் தமிழர்கள் இருந்த இன்னொரு பண்ணையும் உண்டு. 1910-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக விட்டார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தவரும் அவரே. அங்கே இருந்தவர்களில் கணிசமானோர் தமிழர். பிள்ளைகளுக்குத் தமிழும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரம் பழமரங்கள், கிணறு, தச்சு வேலை, செருப்புத் தைப்பது எல்லாம் இருந்தன. அதைப் படித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது, பண்ணையிலிருந்து ஒரு மைலில் லாலி ரயில் நிலையம் இருந்தது என்பதுதான். தொழில் புத்தி போகாது. சிறை சென்றவர்களின் குடும்பங்கள் சிக்கனமாகச் சேர்ந்து வாழ்வதற்காக ஏற்பட்ட பண்ணை அது. ஊரை விட்டு ஒதுங்குவதற்காக அல்ல.

நான் கௌதள்ளியில் எத்தனையோ பேரை எதிர்பார்த்துத்தான் இருக்கிறேன். ஏர் ஓட்ட ஒருவர், பால் ஒரு வீட்டில். பசு வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். இரண்டு பேர் குடிக்கிற பாலுக்காக வருஷம் 365 நாளும் ஒரு மாட்டுக்குக் கட்டுப்பட என் மனைவி சம்மதிக்கவில்லை; அவள் சொல்வது சரி. இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நிலம் வாங்கப் போகிற அன்பர்களில் எத்தனை பேர் வீட்டில் கேட்டீர்கள்? உங்களுக்கு அது ஓய்வு. அவர்களுக்கு அதே அடுப்பு, தெரியாத ஊர், தங்கையும் கோயிலும் டாக்டரும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். நாங்கள் நிலம் பார்ப்பதற்கு முன்னால் ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இருந்தோம். பங்குனி வெயிலுக்குப் பிறகும் அவள் "இருக்கலாம்" என்றாள். அதன் பிறகே அட்வான்ஸ் கொடுத்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூறு சென்ட் ஒரு ஏக்கர். இங்கே நாற்பது குண்டே. ஒரு குண்டே இரண்டரை சென்ட். தரகர் சொல்லும் கணக்கை நீங்கள் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இங்குள்ள பட்டா போன்றதற்குப் பஹணி என்று பெயர்; "பூமி" திட்டத்தில் எல்லாம் கணினிக்கு வந்துவிட்டன. அது கன்னடத்தில் இருக்கும். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை என்று இந்தப் பத்திரிகையில் மாதம் தவறாமல் வருந்துகிறோம். பஹணியைப் படிக்க அவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. பெரிய சர்வே எண்ணில் ஒரு பங்கை வாங்கினால், அளந்து தனி எண்ணாகப் பிரித்திருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குப் "போடி" என்பார்கள். அது ஆகாவிட்டால் உங்கள் கையில் இருப்பது காகிதம், எல்லைக்கல் அல்ல. பத்து குண்டே, பதினைந்து குண்டே என்று மாங்கன்று நட்டு விற்கிற "பண்ணை மனை"களில் இந்தத் தொல்லையே அதிகம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிலம். 1978-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அரசின் முன் அனுமதி இல்லாமல் அதை வாங்கினால் விற்பனை செல்லாது. நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். 2023-இல் வந்த திருத்தத்தால் எத்தனை வருஷம் கழித்தும் அவர்கள் கேட்கலாம். எனக்கு முதலில் காட்டப்பட்ட நிலம் இப்படிப்பட்டதுதான். தரகர் மூச்சு விடவில்லை. பழைய பதிவேட்டில் ஒரு வரி பார்த்துத் தெரிந்துகொண்டு விலகினேன். அந்தச் சட்டம் இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன். நம் பக்கத்து வக்கீல்கள் "சமாளிக்கலாம்" என்றால் நம்பாதீர்கள். வீடு கட்டுவதானாலும், விவசாயி தான் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் நிலத்தில் பத்து சதவீதம் வரை இடமுண்டு; வாடகை விடுதி கட்ட வேண்டுமானால் நிலத்தின் வகையையே மாற்ற வேண்டும்.

காடு பக்கத்தில் இருப்பதையும் மறக்கலாகாது. மாதேஸ்வரன் மலைக் காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். 2025 ஜூனில் அங்கே ஹூகியம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நாலு குட்டிகளும் விஷம் வைத்த பசுவின் உடலைத் தின்று செத்தன. மாடு இழந்தவரின் ஆத்திரமும் புலியின் சாவும் ஒரே ஊரில் நடப்பவை. நாகரஹொளே பக்கம் வனத்துறையினர் யானைக்குப் பழைய தண்டவாளங்களாலேயே தடுப்புப் போட்டிருக்கிறார்கள். நான் வாழ்நாளெல்லாம் பராமரித்த இரும்பு இப்படிப் பயன்படுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 2018-இல் அதைத் தாண்ட முயன்ற ஒரு யானை சிக்கி இறந்ததைப் படித்தபோது அந்தப் பெருமையும் போயிற்று. என் நிலத்தில் கம்பி வேலி இல்லை. கள்ளியும் கிளுவையும்தான். யானை வந்தால் வரட்டும், போகட்டும் என்று வடக்கு ஓரம் பயிர் வைப்பதில்லை. அந்த வழியைக் காட்டியவரும் தெற்கே இருக்கிற பெரியவர்தான்.

கடைசியாக, சங்க அன்பர்கள் சிலர் சேர்ந்து இருபது ஏக்கர் வாங்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். என்னையே அளந்து கொடுக்கச் சொல்கிறார்கள். சுவருக்கு நான் வரமாட்டேன். வருஷத்தில் 200 ராத்திரி அங்கே படுப்பேன் என்று சொல்கிற மூன்று குடும்பம் வந்தால், அந்த மூன்று குடும்பத்துக்கு ஊருக்குப் பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல், அண்டை அயலாருக்கு நடுவே ஆளுக்கு இரண்டு ஏக்கர் பார்த்துத் தருகிறேன்; சங்கிலி பிடித்து அளந்தும் தருகிறேன். கார்த்திகை முழுவதும் ராகி அறுப்பு. நான் அங்கேதான் இருப்பேன். பார்க்க வருகிறவர்கள் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு, இரண்டு ராத்திரி தங்கும்படி வாருங்கள். வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள்.